கடைசி வரி

மலையடிவார மடத்துக்கு வந்து சேர்ந்தபோது ஏகாம்பரத்துக்கு வயது அறுபத்தாறு. அவருடைய குருவுக்கு நாற்பத்திரண்டு. எல்லோரும் குருவை அம்மா என்றார்கள். ஏகாம்பரமும் கூச்சப்படாமல் அப்படியே அழைத்தார்.

முன்பு அவர் போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர். சாட்சிகள் சொல்லச் சொல்ல எழுதுகிற வேலை. மடத்துக்கு வந்தபின் ஆசையை விட்டாயிற்று, மீசையையும் விட்டாயிற்று. ஒரு காகிதக் கட்டை மட்டும் விடவில்லை.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய ஒரு கொலை வழக்கில் அவரே எழுதிய சாட்சி வாக்குமூலங்களின் நகல் அது. தீமிதித் திருவிழாவன்று தரகர் வேதகிரியை யாரோ குத்திவிட்டு ஓடினார்கள். பார்த்தவர்கள் மூன்று பேர். மூன்று பேர் சொன்னதும் மூன்று விதம். சந்தேகத்தில் பிடிபட்ட பிச்சாண்டியைக் கோர்ட் விடுதலை செய்தது. ஊர் செய்யவில்லை. இன்றைக்கும் அவர் வீட்டில் யாரும் ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை.

போன வாரம் பிச்சாண்டியின் மகள் மடத்துக்கே வந்துவிட்டாள்.

"அப்பாவுக்கு ரொம்ப முடியலைங்க. அவர் கண்ணை மூடுறதுக்குள்ள யார்னு சொல்லிடுங்க."

ஏகாம்பரத்துக்கு ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை, அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்குக் கட்டோடு போய் நின்றார்.

"விடை தெரியாம இன்னைக்கு இங்கேருந்து நகர மாட்டேன்மா. இந்த மூணுல எது உண்மை?"

"உட்கார்ந்து படிங்க."

"நூறு தடவை படிச்சுட்டேன்."

"எனக்குக் கேட்கலையே."

படித்தார். ஓடியவன் நெட்டை, பச்சைத் துண்டு போட்டிருந்தான் என்று சோடாக்கடைக்காரர் சொல்லியிருந்தார். குள்ளம், துண்டே இல்லை என்றார் வளையல்காரர். வண்டிக்காரர் கன்னியப்பன், முகத்தையே பார்த்தேன், அது பிச்சாண்டிதான் என்றிருந்தார்.

"மூணு பேரும் ஒரு இடத்துல ஒத்துப்போறாங்களே" என்றார் அம்மா.

ஏகாம்பரம் பதறிப்போய்ப் பக்கங்களைப் புரட்டினார். "எங்கேம்மா? நான் பார்க்காத இடமா?"

"கடைசி வரி."

"'படித்துக் காட்டக் கேட்டேன், சரி.' இதுவா?" அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இது சாட்சி சொன்னதில்லைம்மா. எழுதினதைச் சாட்சிக்குப் படிச்சுக் காட்டணும்னு முறை. அதுக்காக நாங்களே போடுற வரி."

"படிச்சுக் காட்டினீங்களா?"

சிரிப்பு நின்றது.

"திருவிழாக் கூட்டம். இன்ஸ்பெக்டர் வேற அவசரப்படுத்தினார். சரசரன்னு எழுதினேன்..."

"படிச்சுக் காட்டினீங்களா?"

"இல்லைம்மா."

"மூணு பேர்ல யாருக்குமேவா?"

"யாருக்குமே இல்லைம்மா."

இத்தனை வருஷமும் அந்த மூன்று பேரையும் புளுகர்கள் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்திருக்கிறார். இப்போது அவருக்கு வெட்கமாக இருந்தது.

அம்மா ஒரு தண்டைக் கிள்ளிப் போட்டார். "மூணு பேர்ல இப்ப யார் இருக்காங்க?"

"கன்னியப்பன் மட்டும். செய்யாறு பக்கத்துல மகன் வீட்டோட இருக்கார்."

ஏகாம்பரம் காகிதங்களை அடுக்கினார். கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார்.

"அவருக்குக் காது ரொம்ப மந்தம்மா."

"அப்போ சத்தமாப் படிங்க" என்றார் அம்மா.