சுவர்ப் பந்தி மரியாதை

முன்னொரு காலத்தில், அரசர்களுக்குப் பகலில் வேலையும் இரவில் தூக்கமும் இல்லாதிருந்த ஒரு காலத்தில், ஒரு நாட்டின் அரசருக்கு யாரையாவது மன்னித்தே தீரவேண்டும் என்று ஆசை வந்தது. பக்கத்து நாட்டரசன் உப்பு வரியை மன்னித்தானாம். அதற்காகப் புலவர்கள் அந்த நரைத்த தாடிக்காரன்மேல் பிள்ளைத்தமிழே பாடிவிட்டார்களாம். சேதி கேட்டதிலிருந்து நம் அரசருக்குச் சோறு இறங்கவில்லை.

"நம்மிடம் மன்னிக்க என்ன இருக்கிறது?" என்று சபையில் கேட்டார்.

மந்திரிகள் யோசித்தார்கள். உப்பு வரி கிடையாது, ஏனென்றால் உப்பே கிடையாது. சிறையில் இருந்தவர்களைப் போன பிறந்தநாளுக்கே மன்னித்தாயிற்று. அவர்கள் திருடித் திரும்பி வர இன்னும் கொஞ்சம் நாளாகும். கடைசியில் யாரோ, "படிப்புக் கடன் இருக்கிறதே, மன்னா" என்றார்கள்.

அந்தக் கடனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அரசுக் கலாசாலையில் படிக்கும் பிள்ளை தின்னும் சோறு, எழுதும் ஓலை, வாங்கும் பிரம்படி எல்லாவற்றுக்கும் அங்கே விலை உண்டு. படிப்பு முடிந்தபின் வட்டியோடு கட்ட வேண்டும். கட்டித் தீரும்வரை, கல்யாண வீடோ கோயிலோ அரண்மனையோ, எங்கே விருந்து நடந்தாலும் கடன்பட்டவர்கள் சுவரைப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கடன்காரன் முகத்தைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் நெய் செரிக்காது என்று ஏதோ ஒரு பழைய அரசருக்கு ஏதோ ஒரு வைத்தியர் சொன்னாராம். அரசர் போனார், வைத்தியர் போனார், அந்த அஜீரணமும் போய்விட்டது. சுவர்ப் பந்தி மட்டும் நிலைத்துவிட்டது.

அரண்மனை விகடகவி குப்பாண்டி அந்தப் பந்தியிலிருந்து வந்தவன்தான். முன்னே பிறந்ததெல்லாம் தங்காமல் போனதால், குப்பையில் புரட்டி எடுத்துப் பெயர் வைத்த பிள்ளை. இலக்கணமும் தருக்கமும் படித்தான். இரண்டுக்கும் சந்தையில் விலை இல்லை. ஆகவே கடன் தீர்ந்தபோது காதோரம் நரைத்திருந்தது. தன் கல்யாணத்திலேயே மணப்பெண்ணுக்கு முதுகைக் காட்டிச் சாப்பிடப் போகிற மாப்பிள்ளைக்கு லேசில் எவன் பெண் கொடுப்பான்? தாய் செத்த பதினாறாம் நாள், வந்த உறவெல்லாம் எதிரெதிரே உட்கார்ந்து ஆறுதல் பேசிச் சாப்பிட்டது. பெற்ற பிள்ளை சுவரோடு உட்கார்ந்து சாப்பிட்டான்.

இப்போது அவனுக்குச் சபையில் ஆசனம் உண்டு, தோளில் பட்டு உண்டு. வீட்டில் ஒரு பானை, ஒரு வட்டில், ஒரு பாய். அவன் பேச்சுக்கு ஊரே சிரிக்கும். சிரித்து முடித்ததும் அவரவர் வீட்டுக்குப் போய்விடும்.

அரசர் கடனை மன்னிக்கப் போகிறார் என்றதும் முதலில் எழுந்தவர் கருவூலநாயகர் திருமலைராயர். 'கடன் தீர்த்தோர் பேரவை'க்கு அவர்தான் தலைவர். அவருடைய கடனை மாமனார் ஒரே மூச்சில் கட்டிவிட்டார். ராயர் சுவரைப் பார்த்துச் சாப்பிட உட்கார்ந்தது வாழ்நாளில் ஒரே ஒரு வேளை. அதிலும் முதல் கவளத்தை எடுப்பதற்குள் மாமனாரின் ஆள் ஓடிவந்து, "கட்டியாச்சு, கட்டியாச்சு!" என்று அவரைத் திருப்பி உட்காரவைத்துவிட்டான். அந்த ஒரு வேளையைப் பற்றி அவர் பேசாத மேடை கிடையாது.

"மன்னர்மன்னா! நாங்கள் ரத்தம் சிந்திக் கட்டினோம். கட்டியவன் மடையன், கட்டாதவன் கெட்டிக்காரன் என்று ஆகிவிட்டால், நாளைக்கு எவன் எதைக் கட்டுவான்? இது நியாயமா? நீதியா? தர்மமா?"

மூன்றுக்கும் என்ன வித்தியாசம் என்று குப்பாண்டி கேட்கலாம் என்றிருந்தான். அதற்குள் நில அளவைக்கார ஏகாம்பரம் எழுந்தார். சபையில் அதுவரை வாய் திறந்தறியாத மனிதர்.

"மன்னா, எனக்குப் பேச வராதுங்க. என் சம்சாரத்தோட தாலிக்கொடிய வித்துத்தான் கடைசித் தவணை கட்டினேன். அப்புறம் அவ மஞ்சக் கயித்தோடவே இருந்து, மஞ்சக் கயித்தோடவே போய்ச் சேர்ந்தா. இப்ப நீங்க மன்னிக்கறீங்க. நல்லது. எனக்கு என்ன பதில்?"

கேட்டுவிட்டு உட்கார்ந்தார். ராயர் பேசியது வெறும் முழக்கம், இவர் பேசியது வலி. அரசர் வழக்கம்போல் குப்பாண்டியைப் பார்த்தார். குப்பாண்டி தரையைப் பார்த்தான்.

"என்ன குப்பாண்டி, உனக்குமா வாய் அடைத்துவிட்டது?"

ராயர் பார்த்தார். குப்பாண்டியை மடக்க நெடுநாளாய் அவர் காத்திருந்த தருணம் அது.

"மன்னா, ஒரே வழிதான் உண்டு. தீர்த்தவர்கள் தாங்களே எழுந்து நின்று, 'மற்றவர் கடனை மன்னித்துவிடுங்கள்' என்று தங்களை வேண்டட்டும். அப்போது யாருக்கும் குறை இராது. நம் விகடகவிதான் மகா கெட்டிக்காரராயிற்றே! அவர் வேண்டவைக்கட்டும். தங்கள் பிறந்தநாள் விருந்து முடிவதற்குள் அது நடக்காவிட்டால், அத்தனை பேர் கடனும் அவர் தலையில் ஏறட்டும். ஆயுள் முழுவதும் சுவர்ப் பந்தியில் இருக்கட்டும்!"

பந்தயம் என்று வந்துவிட்டால் அரசருக்கு மற்றதெல்லாம் மறந்துபோகும். தொடையைத் தட்டி, "அப்படியே ஆகட்டும்!" என்றார்.

குப்பாண்டி வீட்டுக்குப் போகிற வழியில் அரண்மனை வைத்தியசாலைக்குள் நுழைந்தான். அங்கே வைத்தியம் பார்ப்பவள் தையல்நாயகி. கலாசாலையில் படித்தவள், கைராசிக்காரி, கழுத்தளவு கடன்காரி.

"என்ன பண்ணுது?" என்றாள்.

"எரியுது."

"எங்கே?"

"அது தெரிஞ்சா நான் ஏம்மா இங்க வர்றேன்?"

அவள் வயிற்றை அமுக்கிப் பார்த்தாள். "காலையில சாப்பிட்டீங்களா?"

"ஒருத்தனுக்கு என்னத்த வடிக்கிறது."

சீரகத் தண்ணீரைக் கொடுத்தாள். அவன் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். பிறகு, "ஐயா, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? எங்க கடன் போயிட்டா உங்களுக்கு வருத்தமா இருக்காதா? நீங்க முழுசாக் கட்டினவரு" என்றாள்.

நாக்கு நுனியில் நாலைந்து விகடம் வந்து நின்றது. குப்பாண்டி எல்லாவற்றையும் விழுங்கினான்.

"இருக்கும்மா. ஏகாம்பரம் பேசினாரே, அது என் வாயிலயும் இருந்த பேச்சுதான். உன்னை இனிமே எல்லாரும் முகத்துக்கு நேரா பார்ப்பாங்கன்னு நெனச்சா நல்லாத்தான் இருக்கு. கூடவே, எனக்கு ஏன் இது வாய்க்கலேன்னு உள்ளே ஒரு நாய் ஊளையிடுது."

"அதுக்கு என்ன போட்டா அடங்கும்?"

"என்னைத்தான் இத்தனை வருஷமா தின்னுக்கிட்டிருக்கு. இன்னும் அடங்கல. அதுக்காக உன்னையும் எடுத்துப் போட முடியுமா?"

கூலி வேண்டாம் என்று அவள் கையாட்டினாள்.

மறுநாள் குப்பாண்டி பேரவை மண்டபத்துக்குப் போய், வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

"பெரியோர்களே! உங்களை வேண்டவைக்க என்னால் ஆகாது. தோற்றுவிட்டேன். நானும் கட்டித் தீர்த்தவன்தான், ஆனால் என் புத்தியில் ஒன்றும் ஏறவில்லை. சுவர்ப் பந்தியில் இனி எனக்கு ஆயுள் முழுவதும் இடம் உண்டல்லவா? அந்தச் சுவரின் பெருமையைச் சொல்லுங்கள். கேட்டாவது மனம் தேறுகிறேன்."

ராயரின் முகம் பௌர்ணமியானது. பேரவைக்காரர்கள் முந்திக்கொண்டு பேசினார்கள். சுவர் பொறுமை தந்தது என்றார் ஒருவர். சுவர்தான் என்னை ஆளாக்கியது என்றார் இன்னொருவர். ஏகாம்பரம் மட்டும் மூலையில் சும்மா இருந்தார். ராயர் கண்ணைத் துடைத்துக்கொண்டு முடித்துவைத்தார்:

"அந்தச் சுவர் எனக்குக் குரு. ஏன், தெய்வம்! பொன் ஆசனம் கொடுத்தாலும் அந்த இடத்துக்கு ஈடாகுமா? மறுபடி ஒருமுறை அங்கே உட்காரும் பாக்கியம் கிடைக்குமா என்று ஏங்குகிறேன், குப்பாண்டி!"

"ஆஹா" என்றான் குப்பாண்டி. அங்கிருந்து நேரே அரசரிடம் போனான்.

பிறந்தநாள் அன்று உச்சிவேளையில் விருந்து மண்டபத்தில் முரசு அறைந்தார்கள்.

"இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், சுவர்ப் பந்தி பொன் ஆசனத்துக்கும் மேலானது என்று கடன் தீர்த்தோர் பேரவை தன் வாயால் சொன்னதைக் கேட்டு அரசர் உளம் மகிழ்ந்தார். அத்தகைய பேற்றைக் கடன்காரர்கள் அனுபவிப்பது தகாது. ஆகையால் நாட்டில் கடனும் சுவர்ப் பந்தியும் உள்ளவரை, எந்த விருந்திலும் அந்த இடம் தீர்த்தவர்களுக்கே உரியது!"

சுவரோரம் கோலம் போட்டிருந்தது, தோரணம் கட்டியிருந்தது. தலைவாழை இலைகள் வரிசையாய் விரிந்திருந்தன. 'பாக்கியம்' என்று அன்றைக்குச் சொன்னவர் இன்று மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ராயர் பட்டுச் சரிகையைத் தூக்கிக்கொண்டு சுவருக்கு முன்னால் சம்மணமிட்டார். அவர் முதுகுக்குப் பின்னால் அரசர், அரசருக்குப் பக்கத்தில் யார் யாரோ. யார் அரசர் காதில் பேசுகிறார்கள், அரசர் யாரைப் பார்த்துப் புன்னகைக்கிறார் என்பது ஒன்றும் தெரியவில்லை. அரண்மனைவாசிக்கு அதைவிடப் பெரிய குருட்டுத்தனம் வேறில்லை.

குப்பாண்டியும் தீர்த்தவன்தானே, அவனும் வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தான். யாரும் கை காட்டாமலே முதுகு தானாக வளைந்து பழைய இடத்தில் பொருந்தியது.

கூடத்தின் நடுவில் கடன்காரர்கள் முதன்முறையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். கண்ணை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. ஒருவர் தயங்கி, "குரலை வெச்சு உங்களுக்குப் பெரிய மீசை இருக்கும்னு நெனச்சிருந்தேன்" என்றார். எதிரே இருந்த மீசையே இல்லாதவர், "என் சம்சாரம் கூடாதுன்னுட்டா" என்றார். சிரிப்பு எழுந்தது. சுவர்ப் பந்தியில் இருப்பவர்களுக்கு முதுகுப்பக்கமாகத்தான் பரிமாறுவார்கள். பேசக் கூடாது, திரும்பக் கூடாது. சோறு வேண்டுமென்றால் இடது கையைத் தோளுக்குமேல் தூக்கி இரண்டு விரலை ஆட்ட வேண்டும், குழம்புக்கு மூன்று விரல். பழக்கதோஷத்தில் கடன்காரர்கள் இங்கேயும் விரலை ஆட்டிவிட்டு, பரிமாறுகிறவர் முன்னாலேயே நிற்பதைப் பார்த்து மேலும் சிரித்தார்கள்.

சுவரோரத்தில் ஏகாம்பரம் இரண்டு விரலை ஆட்டினார், சோறு விழுந்தது. குப்பாண்டி மூன்று விரலை ஆட்டினான், குழம்பு வந்தது. திருமலைராயருக்கு அந்தச் சைகை தெரியாது. முதல் கவளத்துக்கு முன்பே திரும்பிவிட்டவர் அல்லவா? ஓரக்கண்ணால் அக்கம்பக்கம் பார்த்துக் கையை உயர்த்தி, ஐந்து விரலையும் விரித்தார். ஐந்து விரலுக்குப் 'போதும்' என்று பொருள். வாளிகள் அவரைத் தாண்டித் தாண்டிப் போயின. வடை போயிற்று. அவியல் போயிற்று. ராயரின் இலையில் தெளித்த தண்ணீர் மட்டும் இருந்தது. நெய் மணம் பிடரியில் மோதிவிட்டுப் போனது.

அப்போது ஏகாம்பரம் எழுந்தார். கை கழுவவில்லை. அப்படியே அரசர் பக்கம் திரும்பி நின்றார்.

"மன்னா, இந்தச் செவத்துல ஒரு விரிசல் இருக்குங்க. ஆறு மாதிரி ஓடும். அந்தக் காலத்துல விருந்துக்கு விருந்து அதைத்தான் அளந்துக்கிட்டிருப்பேன். இன்னைக்கும் அப்படியே இருக்கு. இதுக்கு முன்னால இன்னும் எத்தனை பேரை உக்காரவெச்சாலும் என் வீட்டுக்காரி திரும்பி வரப்போறதில்ல. என் கேள்விக்குப் பதில் கெடையாது. கெடையாதுன்னு தெரிஞ்சுபோச்சு. இவங்களை விட்டுருங்க, மன்னா. நான் கேட்டுக்கறேன்."

சுவரோரம் இன்னும் இரண்டு மூன்று பேர் மெல்ல எழுந்து, "நாங்களும்" என்றார்கள். ராயருக்குக் கடைசி நம்பிக்கை பாயசம். அதுவும் தாண்டிப் போகிற சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தார்.

"மன்னர்மன்னா! கடனையும் மன்னியுங்கள், சுவரையும் இடியுங்கள்! வேண்டுகிறேன், மன்றாடுகிறேன்!"

"நியாயம் என்ன ஆவது, ராயரே?" என்றார் அரசர்.

"நியாயம் கிடக்கட்டும் மன்னா, பாயசம் தீரப்போகிறது!"

அரசர் சிரித்தார். கிரீடம் நழுவி மடியில் விழுகிற அளவுக்குச் சிரித்தார். அந்த இடத்திலேயே கடனை மன்னித்தார். சுவர்ப் பந்தியை ஒழித்தார். தனக்கு எத்தனை பாடல் தேறும் என்று பக்கத்திலிருந்த புலவரிடம் விசாரித்துக்கொண்டார். பிறகு குப்பாண்டியை முன்னால் அழைத்தார். கடன்காரர்கள் உட்கார்ந்திருந்த வரிசைகளின் நடுவே அவன் வந்து நின்றான்.

"வென்றுவிட்டாய். என்ன வேண்டும், கேள். எதுவானாலும் தருகிறேன்."

குப்பாண்டி கைகூப்பினான்.

"எனக்கு இருபத்தைந்து வயது வேண்டும், மன்னா."

அரசர் மறுபடி வெடித்துச் சிரித்தார். "பாருங்கள் இவனை! இருபத்தைந்து வயதாம்!" ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பரிமாறுகிறவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். அரசர் கண்ணீரைத் துடைத்தபடி, தம் கையிலிருந்த பொற்கங்கணத்தைக் கழற்றி அவன் கையில் மாட்டினார். அந்த ஆட்சியிலேயே அதுதான் தலைசிறந்த விகடம் என்று சபை ஒருமனதாக முடிவு செய்தது. குப்பாண்டி எல்லாப் பக்கமும் குனிந்து வணங்கினான்.

தையல்நாயகி மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள் சுவரை விட்டுத் திரும்பி உட்கார்ந்திருந்தாள். அதனால் அவளுக்கு அவன் முகம் தெரிந்தது.