செம்பைத் தொட்டவள்

அந்தக் காலத்தில், கண்ணுக்கு எட்டாத சிற்றுயிர்களுக்கும் பேச்சு இருந்தபோது, செம்பு விளைந்த ஒரு மலையடிவாரச் சுனையில் ஒரு பாக்டீரியா வாழ்ந்தது. கடுகைவிடப் பன்மடங்கு சிறிய அந்த உடம்புதான் ஒரு வீடு. உள்ளே பெரிய குடும்பமே இருந்தது.

வீட்டின் நடுவில் நீண்ட இழை ஒன்று சுருண்டு கிடந்தது. அதில் வரிசையாக முடிச்சுகள். ஓட்டன் என்பவன் இழைமேல் ஓடி, முடிச்சுகளைத் தடவி, அவை சொல்வதை உரக்கச் சொல்வான். அவன் சொன்னது வீட்டில் உருவாகிவிடும். ஓர் இடத்தில் மட்டும் அவனால் ஓட முடியாது. அங்கே இறுக்கி என்பவள் இரண்டு கைகளாலும் இழையைக் கட்டிப்பிடித்து உட்கார்ந்திருந்தாள். செம்பை அள்ளி வெளியே இறைக்கும் ஏற்றங்களைச் செய்யும் முடிச்சுகள் அவளுக்கு அடியில் இருந்தன.

“அடைகாக்கிற கோழிகூட நடுவில் எழுந்து இரை பொறுக்கும், அக்கா. நீங்கள் அசையவே மாட்டீர்களா?” என்று ஓட்டன் சீண்டுவான்.

“நான் எழுந்தால் உனக்குத்தான் வேலை கூடும். போ, போ!” என்பாள் இறுக்கி.

அவள் அசையாததற்குக் காரணம் இருந்தது. வீடு மூச்சுவிட்டது அதன் உலையால். உலை எரியத் துளி செம்பு வேண்டும். செம்பு மிகுந்தாலோ, எதிர்ப்பட்டதையெல்லாம் சிதைத்துவிடும். ஆகவே செம்பு பெருகும்போது மட்டும் அவள் கையை விட வேண்டும். பெருகியதை வாசலில் நிற்கும் கதவன் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுதான் வீட்டு முறை.

ஒரு மழைநாளில் கதவன் அலறினான். “அக்கா, தண்ணீர் சிவந்துவிட்டது! செம்பு வந்துவிட்டது!”

இறுக்கி கைகளைத் தளர்த்திச் சற்றே ஒதுங்கினாள். ஓட்டன் ஓடினான். ஏற்றங்கள் எழுந்து இறைக்கத் தொடங்கின. ஆனால் வந்தது செம்மண் கரைந்த வெறும் நீர். வீட்டிலிருந்த துளிச் செம்பும் வெளியே போயிற்று. உலை அவிந்தது. உலையைக் காத்த கனலி அதன் அருகிலேயே குளிர்ந்து கிடந்தாள். சுனையிலிருந்து செம்பு மெல்ல மெல்ல ஊறி, உலை மறுபடி மூண்டபோது கனலி எழவில்லை.

“நான் பார்த்ததைத்தான் சொன்னேன், அக்கா,” என்று கதவன் அழுதான்.

“தெரியும். நானும் கேட்டதைத்தான் செய்தேன்,” என்றாள் இறுக்கி.

சில காலம் சென்று மலையின் ஒரு பக்கம் சரிந்து சுனையில் விழுந்தது. வீட்டின் மூலையில் ஒருத்தி சுருண்டு விழுந்தாள். சுவரோரம் இன்னொருவன் விழுந்தான்.

“கதவா, தண்ணீர் எப்படி இருக்கிறது?”

“தெளிவாக இருக்கிறது, அக்கா. அடிவரை தெரிகிறது. எனக்கு ஒன்றுமே புரியவில்லை.”

“கையை விடுங்கள் அக்கா! இன்னும் என்ன யோசனை?” என்று கத்தினான் ஓட்டன்.

“இது செம்பு இல்லையென்றால்? மறுபடி உலை அவிந்தால் மூட்டுவதற்குக் கனலி இல்லை, தம்பி.”

“செம்பாக இருந்தால்?”

இறுக்கி ஒரு கையை இழையிலிருந்து எடுத்து, வீட்டுக்குள் மிதந்து வந்த ஒரு துகளை நோக்கி நீட்டினாள்.

“ஐயோ, வேண்டாம்! செம்பைப் பிடித்தால் அப்புறம் கையைப் பிரிக்கவே முடியாது!” என்று பதறினான் ஓட்டன்.

“அப்படிப் பிடித்துக்கொண்டால் அது செம்பு. வேறு எப்படித் தெரிந்துகொள்வது?”

அது அவள் உள்ளங்கையில் வந்து அமர்ந்தது. விரல்கள் தாமாக மூடிக்கொண்டன. தோள் முறுக்கிக்கொண்டது. அவள் எவ்வளவு முயன்றும் மறு கை இழையில் நிற்காமல் நழுவியது.

“செம்புதான். ஓடு,” என்றாள்.

முன்பு ஒதுங்கியபோதும் அவள் மடிக்குள் மறைந்திருந்த சில முடிச்சுகள் இப்போது வெளியே தெரிந்தன. ஓட்டன் அவற்றைத் தடவினான். இழையைக் கட்டிப்பிடிக்கும் இரண்டு கைகள், அகன்ற உள்ளங்கை. அவை இன்னொரு இறுக்கியைச் செய்யும் முடிச்சுகள் என்று புரிந்ததும் அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். ஆனாலும் நிற்காமல் சொல்லி முடித்தான்.

ஏற்றங்கள் எழுந்து செம்பை இறைத்தன. உலைக்கு வேண்டிய துளி மட்டும் மிஞ்சியதும் புதியவள் ஒருத்தி வந்து, காலியாக இருந்த இடத்தில் அமர்ந்து, இழையைக் கட்டிக்கொண்டாள். வாசலில் என்ன செய்தி என்று அவள் கேட்கவே இல்லை. இழையிலிருந்து நழுவிச் சுவரோரம் கிடந்த இறுக்கி, மூடிய கையோடு அவளைப் பார்த்தபடியே அடங்கினாள்.

அன்று முதல்தான், பாக்டீரியாவின் இழைமேல் காவலிருப்பவள் பிறர் சொல்லை நம்புவதில்லை. செம்பு தன்னையே வந்து தொட்டால்தான் பிடியை விடுகிறாள்.