நாற்பத்திரண்டாம் எண்

விடையை முன்கூட்டியே கண்டுபிடிப்பவர்கள் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லக் கூடாது என்ற ஒப்பந்தத்தின்பேரில் இந்தக் கதை சொல்லப்படுகிறது.

பாளையங்கோட்டையில் ஆங்கிலம்-தமிழ் அகராதி தயாரிக்கும் அலுவலகம் ஒன்று இருந்தது. அங்கே உழைத்தவர்கள் யார் பெயரும் நூலில் அச்சாகாது. அவர்களுக்குக் கிடைத்த ஒரே மரியாதை இதுதான்: ஒரு சொல்லின் பொருள்களை வரிசையாக எழுதும் அட்டையைக் குறையில்லாமல் ஆக்கியவர், அந்தச் சொல்லுக்கான எடுத்துக்காட்டு வாக்கியத்தைத் தன் விருப்பப்படி எழுதலாம். ஒரு சொல்லுக்கு ஒரே வாக்கியம். மூன்று ஆண்டுகளாக அங்கே இருந்த ரெபேக்காவுக்கு அப்படி ஒரு வரி இன்னும் வாய்க்கவில்லை. என்றாவது அகராதியைத் திறந்து, "இது நான் எழுதினதுப்பா" என்று தன் அப்பாவிடம் காட்ட வேண்டும் என்பது அவள் ஆசை.

குறையில்லை என்பதை எப்படி அறிவது? அட்டையை ஏழு நாள் சுவரில் குத்தி வைப்பார்கள். யாராவது கூட்டினாலோ வெட்டினாலோ மறுபடி ஏழு நாள். பத்து ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் சுவர் தேவையில்லை. அட்டையை நேரே இழுப்பறையில் போட்டுவிடலாம்.

பதினான்கு ஆண்டு அனுபவம் உள்ள கோமதிநாயகம் 'ரன்' என்ற வினைச்சொல்லை எடுத்துக்கொண்டார். ஓய்வறியாத சொல் அது. ஆங்கிலத்தில் குதிரைக்கும் அதுதான், சளி பிடித்த மூக்குக்கும் அதுதான், ஆலை முதலாளிக்கும் அதுதான், தேர்தல் வேட்பாளருக்கும் அதுதான். தமிழிலோ குதிரை ஓடும், மூக்கு ஒழுகும், முதலாளி ஆலையை நடத்துவார், வேட்பாளர் ஓடாமல் நிற்பார். எட்டு மாதத்தில் நாற்பத்தொரு பொருள் சேர்த்தார். அடியில் 42 என்று மையால் எண் போட்டு, எதிரே எதுவும் எழுதாமல், அட்டையைச் சுவரில் குத்தினார்.

"என்ன அண்ணாச்சி, ஒண்ணு பாக்கி வச்சிருக்கீங்க?" என்றாள் ரெபேக்கா.

"எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதாம்மா."

ஐந்தாம் நாள் காலை ரெபேக்கா தன் புதுச் சேலையை வாளியில் நனைத்தாள். தண்ணீர் சிவந்தது. துணிச் சாயம் கரைந்து பரவுவதற்கும் ஆங்கிலத்தில் 'ரன்'தான். சேலையை அப்படியே விட்டுவிட்டு அலுவலகத்துக்கு விரைந்தவள், 42க்கு எதிரே 'சாயம் இறங்குதல்' என்று எழுதினாள்.

மறுபடி ஏழு நாள். அதில் ஆறாம் நாள், அச்சுப்படி திருத்தும் செந்தூர்பாண்டி சிவப்புப் பென்சிலோடு வந்தார்.

"பஸ் ஓடுறது ஒரு பொருள், ரயில் ஓடுறது ஒரு பொருள், லாரி ஓடுறது ஒரு பொருள். மாட்டு வண்டி என்ன பாவம் செஞ்சது அண்ணாச்சி?"

மூன்றில் இரண்டை அடித்தார். நாற்பது மிஞ்சியது. அடுத்த ஏழு நாளும் அட்டையை யாரும் தொடவில்லை.

வரி யாருக்கு என்ற வழக்கு ஆசிரியர் அங்கயற்கண்ணியிடம் போயிற்று.

"நான் சேர்க்காட்டி அது குறைதானே மேடம்?" என்றாள் ரெபேக்கா.

"நான் வெட்டாட்டி அது அகராதியா, பஸ் ஸ்டாண்டா?" என்றார் செந்தூர்பாண்டி.

கோமதிநாயகம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆசிரியர் அட்டையை மேசைமீது வைத்தார். ரெபேக்கா அதில் தன் கையெழுத்தைப் பெருமையோடு பார்த்தாள். பிறகு அவள் கண் அதற்கு முன்னால் இருந்த எண்ணில் நின்றுவிட்டது.

இப்போது சொல்லுங்கள்: அந்த ஒரு வரி யாருக்கு உரியது?

விடை: கோமதிநாயகத்துக்கு. அதைச் சொன்னவளே ரெபேக்காதான். "அந்த எண் அண்ணாச்சி போட்டது மேடம். எனக்கு இடம் வச்சிட்டுப் போயிருக்காங்க." இழுப்பறையில் போட உரிமை இருந்தும் அட்டையைச் சுவரில் குத்தியவர் அவர், இல்லையென்றால் கூட்டவும் வெட்டவும் மற்றவர்களுக்கு அட்டையே கிடைத்திராது. செந்தூர்பாண்டியும் சற்று முனகிவிட்டு ஒப்புக்கொண்டார். உழைத்தவர் பெயரை அச்சிடக் கூடாது என்ற விதி, வாக்கியத்துக்குள் நடமாடும் மனிதர்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கோமதிநாயகம் எழுதிய வரி இது: "ரெபேக்காவின் சேலையிலும் செந்தூர்பாண்டியின் துண்டிலும் ஒரே மழையில் சாயம் இறங்கியது." அகராதி வெளிவந்த அன்று ரெபேக்கா அந்தப் பக்கத்தை அப்பாவிடம் விரித்துக் காட்டினாள். நான் எழுதினது என்று சொல்லவில்லை. "இதுல இருக்கது நாந்தான்ப்பா" என்றாள்.