கை பழகிய மீன்கள்

வாகீசுவரி அம்மாவின் தியான வீடு ரொறன்ரோவுக்கு வெளியே, ஒரு முட்டுச் சந்தின் கடைசியில் இருந்தது. பெரிய ஆச்சிரமம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கீழே நிலவறையில் பாய் விரித்துச் சனம் இருக்கும். மேலே அம்மா சமைப்பார், படிப்பார், படுப்பார். ஞாயிற்றுக்கிழமையில் கீழே வந்து கொஞ்சம் கதைப்பார். கதை முடிந்ததும் எழும்பிப் போய்விடுவார். காலில் விழ விடமாட்டார், கையைப் பிடிக்க விடமாட்டார். "இதென்ன சாமியார்" என்று முறுமுறுத்து, வராமல் விட்டவர்களும் உண்டு.

விடாமல் வந்தவர் கனகசூரியம் மாஸ்டர். ஊரில் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவர். வயதில் அம்மாவுக்கு மிக மூத்தவர். ஆனாலும் சீடன் என்றால் சீடன்தான். மனைவி போன பிறகு அம்மாவிடம் கேட்டு அங்கேயே ஓர் அறையில் தங்கிவிட்டார். உலகத்துக்கே அவர் மாஸ்டர் என்பதால் அம்மாவும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்.

பின்வளவில் ஒரு சின்னக் குளம் இருந்தது. முன்னர் அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆசைக்கு வெட்டியது. அது வெறும் தண்ணீராய்க் கிடந்த காலத்தில், யோகராணி என்கிற பெண் ஒருநாள் வாளியில் மீன்களோடு வந்து நின்றார். புருஷன் தவறிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு மாடிக் குடியிருப்புக்குப் போகிறார். அங்கே குளத்துக்கு எங்கே போவது?

"இது அவர் வளர்த்தது, அம்மா. அவரின்ரை நினைவெண்டு என்னட்டை மிஞ்சினது இதுதான். இஞ்சை விடட்டோ?"

அம்மா மாஸ்டரைப் பார்த்தார்.

"நான் பாக்கிறன்" என்றார் மாஸ்டர். "என்ன தீன் போடுறனீங்கள்?"

"இந்த டின்னிலை இருக்கிறதுதான். அவர் காலமையிலை தூர நிண்டு எறிஞ்சுபோட்டு உள்ளுக்கை வந்திடுவார். கிட்டப் போகமாட்டார்."

மாஸ்டருக்கு அந்தச் செத்த மனிதர்மேல் ஓர் இளக்காரம் வந்தது. மீன் வளர்க்கிறாராம், கிட்டப் போகமாட்டாராம். நல்ல வளர்ப்பு!

அடுத்த நாளே மாஸ்டர் வேலையைத் தொடங்கினார். குளத்து ஓரத்துக் கல்லில் குந்தி, தண்ணீருக்குள் கையை விட்டு, விரல்களால் மெல்ல அளைந்தார். விரலுக்கிடையில் தீன். மீன்கள் பயந்து அடியில் போய்க் கிடந்தன. மாஸ்டருக்கு அவசரம் இல்லை. எந்த மக்குப் பிள்ளையையும் வாய்ப்பாடு சொல்ல வைத்த மனிதர் அவர்.

முதலில் வந்தது வால் கிழிந்த பெரிய மீன். பயந்து பயந்து வந்து, ஒரு துண்டைப் பறித்துக்கொண்டு ஓடியது. பிறகு மற்றவைகளும் வந்தன. கோடை தொடங்கியபோது, மாஸ்டர் தண்ணீரில் விரலை வைத்தாலே போதும், குளத்து மீன் முழுக்க அவருடைய கைக்குள் வந்து வாயைப் பிளந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் குளத்தைச் சுற்றி நின்று பார்க்கத் தொடங்கியது. அம்மாவின் கதையைவிட மாஸ்டரின் மீனுக்குத்தான் கூட்டம் அதிகம்.

"மாஸ்டர், எங்களைக் கூட இவ்வளவு வடிவாப் பழக்கேல்லையே நீங்கள்!" என்றான் நவநீதன். ஊரில் அவரிடம் படித்தவன். இப்போது இங்கே இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன்.

"நீங்கள் மீனை விட மொக்கர், அதுதான்" என்றார் மாஸ்டர். எல்லோரும் சிரித்தார்கள்.

யோகராணிக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரைக் கூட இதுகள் இப்பிடித் தேடி வந்ததில்லை, மாஸ்டர்."

"எல்லாம் அன்புதான், பிள்ளை" என்றார் மாஸ்டர்.

அந்தச் சொல்லைப் பிறகு நினைக்கும்போதெல்லாம் அவருக்குக் காது மடல் வரை சுடும்.

ஒருநாள் காலையில் புல்லில் செதில்கள் கிடந்தன. ஒரு மீனின் தலையும் கிடந்தது. குளத்துக் கல்லில் சேற்றுக் கைத்தடம். சின்னப் பிள்ளையின் கை மாதிரியே ஐந்து விரல். ரக்கூன்தான், வேறென்ன. கண்ணைச் சுற்றிக் கறுப்புப் பூசிக்கொண்டு குப்பைத் தொட்டியைக் கிண்டித் திரிகிற அந்தப் பிராணியை அந்த ஊரில் அறியாதவர் இல்லை.

மாஸ்டர் அம்மாவிடம் ஓடினார்.

"அம்மா, மீன்களை எப்பிடிக் காப்பாத்திறது?"

"ஆரிட்டை இருந்து?"

"என்ன கேள்வி அம்மா இது? ரக்கூனிட்டை இருந்துதான்."

"அப்ப செய்யிறதைச் செய்யுங்கோ" என்று சொல்லிவிட்டு அம்மா கீரை ஆயத் தொடங்கினார்.

மாஸ்டர் குளத்துக்கு மேலே வலை விரித்தார். ரக்கூன் வலையின் ஓரத்தைச் சுருட்டி வைத்துவிட்டுப் போனது. வலைக்குக் கல் பாரம் வைத்தார். கல்லை உருட்டிவிட்டது. யாரோ சொன்னார்களென்று குளத்தைச் சுற்றி மிளகாய்த்தூள் போட்டார். காற்று திரும்பி அவருடைய கண்ணில்தான் விழுந்தது.

"வறுத்த தூளும் போட்டாச்சு. இனிச் சட்டியும் அடுப்பும்தான் வைக்கேல்லை" என்றார் அம்மா.

ஆள் அசைந்தால் தண்ணீர் பீச்சியடிக்கிற குழாய் ஒன்று வாங்கிப் பூட்டினார். அது ஞாயிற்றுக்கிழமை யோகராணியின் பட்டுச்சேலையை நனைத்ததுதான் மிச்சம். கடைசியில், மீன்கள் ஒளிக்க இடம் வேண்டுமென்று, அகலமான மண்குழாய்களை வாங்கிக் குளத்தின் அடியில் போட்டார். இது நல்ல யோசனை. ரக்கூனின் கை அவ்வளவு ஆழத்துக்கு எட்டாது.

அதற்குப் பிறகும் மீன் குறைந்துகொண்டே போனது.

"ஒளிக்க இடம் இருக்கு. ஏன் இதுகள் ஒளிக்குதில்லை?" என்று மாஸ்டர் தலையில் கை வைத்தார்.

அதற்கு மறுநாள், விடிந்தும் விடியாத நேரம். அம்மா குசினியில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டு நின்றார்.

"மாஸ்டர், இஞ்சை ஒருக்கால் வாங்கோ. சத்தம் போடாமல் வாங்கோ."

மாஸ்டர் யன்னலால் பார்த்தார். வலை ஒரு பக்கம் சுருண்டு கிடந்தது. ரக்கூன் குளத்து ஓரத்தில் குந்தியிருந்தது. அவர் குந்துகிற அதே கல். அது தண்ணீரைப் பார்க்கவே இல்லை. எங்கேயோ வேலியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு கைகளையும் தண்ணீருக்குள் விட்டு விரல்களால் அளைந்தது. ரக்கூனுக்கு அது பிறவிப் பழக்கம். கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் துழாவித்தான் எதையும் அறியும்.

மண்குழாய்களுக்குள் இருந்து மீன்கள் வந்தன. ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு, நேராக அந்த விரல்களுக்குள் வந்தன.

ரக்கூன் தட்டில் இருந்து பலகாரம் எடுப்பது மாதிரி ஒன்றை எடுத்தது.

மாஸ்டர் யன்னலில் படாரென்று அடித்தார். அது அவரை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, மீனோடு வேலி ஏறிப் போனது. மற்ற மீன்கள் இன்னும் அந்த இடத்திலேயே நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன.

அம்மா தேநீரைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மாஸ்டர் தலை நிமிரவில்லை. முகம் கொண்டுபோய் வைக்க ஓர் இடம் இல்லாமல் இருந்தது அவருக்கு.

அந்த ஞாயிறு யோகராணி குளத்தைப் பார்த்துவிட்டு அழுதார். மீன் பாதிக்கும் குறைவு.

"இவ்வளவு பாடுபட்டும் விடுகுதில்லையே அந்தச் சனியன்! மாஸ்டர் பாவம், என்னதான் செய்வார்" என்றார்.

சொல்ல வேண்டிய இடம் அதுதான். மாஸ்டரின் வாய் வரைக்கும் வந்தது. சுற்றி நவநீதனும் மற்றவர்களும் நின்றார்கள்.

"ஓம், பிள்ளை. பொல்லாத மிருகம்" என்றார்.

திரும்பினால், வாசலில் அம்மா நின்றார். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. அம்மா சும்மா நின்றார்.

காலையில் அவர் அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"அம்மா, மிச்ச மீன்களையாவது காப்பாத்த வேணும்."

"ஆரிட்டை இருந்து?"

அதே கேள்விதான்.

"என்னட்டை இருந்து" என்றார்.

அம்மா குசினிக்குள் போய் ஓர் அகப்பையை எடுத்துவந்து அவரிடம் கொடுத்தார்.

"ஒரு கையைத் தண்ணிக்குள்ளை விடுங்கோ. அதுகள் வந்தால், மற்றக் கையிலை இதை வைச்சு அடியுங்கோ."

"மீனையோ?"

"தண்ணியை. மீனிலை பட்டாலும் பரவாயில்லை."

"ஐயோ அம்மா! என்னை நம்பி வருகுதுகள்."

"ஓம்" என்றார் அம்மா. "அதாலைதான்."

மாஸ்டர் கல்லில் போய்க் குந்தினார். விரலால் அளைந்தார். மீன்கள் ஓடி வந்தன. அகப்பையை ஓங்கினார். அடிக்க முடியவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அடித்தார். தண்ணீர் சிதறி முகத்தில் பட்டது. மீன்கள் தெறித்து ஓடின.

கொஞ்ச நேரம் போனது. அவை திரும்பி வந்தன. அடித்தது அவராக இருக்காது என்று நினைத்தன போலும்.

நாள்தோறும் காலையில் இதுதான் வேலை. ஒவ்வொன்றாகப் புரிந்துகொண்டன. விரலைக் கண்டால் குழாய்க்குள் ஓடின. வால் கிழிந்த மீன் மட்டும் விடவில்லை. அடி வாங்கும், ஓடும், குழாய் வாசலில் நின்று பார்க்கும், பிறகும் வரும். ஒருநாள் அகப்பை அதன் முதுகில் பட்டுவிட்டது. மாஸ்டர் வாய்விட்டு அழுதார். பள்ளிக்கூடத்தில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அடித்திருக்கிறார். ஒன்றுக்கும் அழுததில்லை.

அடுத்த நாள் அந்த மீனும் வரவில்லை. மாஸ்டர் வெகுநேரம் விரலைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தார். வரவேண்டும் என்று இருந்ததா, வரக்கூடாது என்று இருந்ததா, அவருக்கே தெரியவில்லை.

ரக்கூன் பிறகும் வந்தது. கல்லில் சேற்றுத் தடம் இருந்தது. புல்லில் செதில் இல்லை.

ஞாயிறு வந்தது. சனம் குளத்தைச் சூழ்ந்தது. நவநீதன் தன் பிள்ளைகளையும் கூட்டி வந்திருந்தான்.

"மாஸ்டர், ஒருக்கால் கூப்பிட்டுக் காட்டுங்கோ. பிள்ளையள் பாக்கட்டும்."

மாஸ்டர் குந்தினார். விரலைத் தண்ணீரில் வைத்தார். மீன்கள் பதறிப்போய்க் குழாய்களுக்குள் பாய்ந்தன. குளம் வெறுமையாகிவிட்டது.

"இதென்ன மாஸ்டர், வகுப்பு முழுக்கக் கட் அடிச்சிட்டுது!" என்று நவநீதன் சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள்.

யோகராணி சிரிக்கவில்லை. "அதுகள் உங்களைக் கண்டு பயப்பிடுது, மாஸ்டர். என்ன செய்தனீங்கள்?"

மாஸ்டர் எழும்பி நின்றார்.

"அடிச்சனான், பிள்ளை."

"அடிச்சனீங்களோ!"

"உங்கடை மீனைத் தின்னக் குடுத்தது நான்தான். கையைக் கண்டால் வா எண்டு பழக்கினனான். உங்கள் எல்லாருக்கும் முன்னாலை காட்டிப் பெருமைப்படத்தான் பழக்கினனான். எந்தக் கையெண்டு பாக்க அதுகளுக்கு நான் சொல்லிக் குடுக்கேல்லை. தெரிஞ்சுகொண்டும் போன ஞாயிறு ரக்கூனிலை பழியைப் போட்டனான். என்னை மன்னிக்கச் சொல்லிக் கேக்கவும் எனக்கு வெக்கமாக் கிடக்கு."



யோகராணி குளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவரிட்டை நான் ஒருநாள் கேட்டனான்" என்றார் கடைசியில். "ஏனப்பா, ஒருக்கால் கிட்டப் போய்த் தடவிக் குடுத்தால் என்ன எண்டு. 'எனக்கு ஆசை இல்லையெண்டோ நினைக்கிறாய்?' எண்டு திருப்பிக் கேட்டவர். அவ்வளவுதான். அதுக்கு மேலை ஒண்டும் சொல்லேல்லை."

பிறகு அவர் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு வருவேன் என்று மட்டும் வாசலில் நின்று அம்மாவிடம் சொன்னார்.

மறுநாள் காலை மாஸ்டர் குசினி வாசலில் வந்து நின்றார். பின்வளவுக்குப் போக அவருக்குக் கால் வரவில்லை.

"அம்மா, அதுகள் இனி என்ரை நிழலைக் கண்டாலும் ஓடும்."

"ஓம்."

"எனக்கு அதுகளிலை இருக்கிறது பொய் ஆசை இல்லை, அம்மா. பெருமைக்குத்தான் தொடங்கினனான். இப்ப அப்பிடி இல்லை. இதை நான் எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

அம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு, சுவர்த் தட்டில் இருந்த தீன் டின்னை எடுத்தார். மூடியைத் திறந்து மாஸ்டருக்குப் பக்கத்தில், கையில் கொடுக்காமல், மேசையில் வைத்தார்.

"தூர நிண்டு எறியுங்கோ, மாஸ்டர். எறிஞ்சுபோட்டு உள்ளுக்கை வாங்கோ."