ஆலோசகர் வேலை தப்பிப் பிழைத்த கதை

சேலத்தில் வேலப்பன் என்றொரு முதலாளி. முறுக்கு, மிக்சர், காராசேவு என்று எட்டு ஊரில் அவருக்கு ஆலை. அவர் தும்மினால் மேனேஜர்கள் மூக்கைத் துடைத்துக்கொள்வார்கள். அப்படி ஒரு ராஜ்ஜியம்!

அந்தச் சபைக்கு வந்து சேர்ந்தவர் ஆலோசகர் குழந்தைசாமி. பெரிய கம்பெனிகளின் அன்றாட வேலைக்கு ஏஐயைப் பழக்கிவிடுவது அவர் தொழில். அப்படியென்றால் என்ன என்று மாமியார் கேட்டதற்கு, "யோசிக்கிற மெஷினைக் காட்டி, நான் யோசிக்கிற மாதிரி உட்கார்ந்திருக்கிறதுங்க அத்தை" என்றார். அதற்கு மேல் அவருக்கே விளக்கத் தெரியாது.

ஆனாலும் வேலை நடந்தது. எந்தக் கடைக்கு எவ்வளவு சரக்கு, எந்த லாரி எந்த வழி, எல்லாம் ஏஐ சொன்னது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். பொது மேலாளர் ஆராவமுதனுக்குத்தான் வயிறு எரிந்தது. அதுவரை முதலாளி காதில் ஓதும் உரிமை அவர் ஒருவருக்கே இருந்தது.

ஒருநாள் கூட்டத்தில் எழுந்தார்.

"ஐயா, எல்லாத்தையும் ஏஐ பார்த்துக்குது. அப்புறம் இவர் எதுக்கு? அதையே கேட்டுப் பாருங்களேன்."

முதலாளி கேட்டார். திரையில் பதில் வந்தது: 'ஆலோசகர் போடும் திட்டங்களை நானே போடுவேன். அவர் தேவையில்லை.'

சபை கொல்லென்று சிரித்தது. குழந்தைசாமியும் சிரித்துவைத்தார். வளர்த்த கடா மார்பில் பாய்ந்த வலி அவருக்குத்தானே தெரியும்!

"அப்ப கிளம்புங்க" என்றார் முதலாளி.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அலறியது. சிவகங்கைப் பக்கத்துத் திருப்பத்தூரில் ஒரு கல்யாணம். அங்கே போக வேண்டிய மிக்சர் லாரியை ஏஐ வேலூர்ப் பக்கத்துத் திருப்பத்தூருக்கு அனுப்பிவிட்டது!

முதலாளி கொதித்தெழுந்தார். "அறிவிருக்கா உனக்கு?" என்று திரையைப் பார்த்துக் கத்தினார்.

'தங்கள் கோபம் நியாயமானது. மன்னிக்கவும். வேறு உதவி ஏதும் வேண்டுமா?'

"மானம் போச்சேடா!"

'உங்கள் வருத்தம் புரிகிறது. மன்னிக்கவும்.'

தலை குனியவில்லை, வேர்க்கவில்லை, நாக்குக் குழறவில்லை. முதலாளிக்கு மூச்சு வாங்கியது. ஆராவமுதனைத் தேடினார். அவர் காபி குடிக்கப் போய்விட்டிருந்தார்.

கடைசியில் குழந்தைசாமி பக்கம் திரும்பினார். பரம்பரையை இழுத்துக் காய்ச்சி எடுத்தார். குழந்தைசாமி குனிந்த தலை நிமிராமல், கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபடி, "தப்புதானுங்க ஐயா" என்று ஒவ்வொன்றுக்கும் முனகினார். முதலாளியின் முகம் மெல்லத் தெளிந்தது.

"காரைக்குடிக் கடைச் சரக்கை அந்தக் கல்யாணத்துக்கு அனுப்பச் சொல்லட்டுங்களா? ஒரு மணி நேரத்துல போயிரும். அப்புறம் நான் கிளம்பறேனுங்க" என்றார் குழந்தைசாமி.

"சொல்லுய்யா! ஆனா நீ எங்கேயும் போக வேண்டாம்" என்றார் முதலாளி. "நீ வந்து ஒரு வருசம் ஆச்சு. உன் வேலை என்னன்னு இன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுது."

"எனக்கும் இன்னிக்குத்தானுங்க புரிஞ்சுது. திட்டம் போட அது போதும். திட்டு வாங்கத்தான் ஆள் வேணும்!"

முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த மாதமே சம்பளம் உயர்ந்தது. திட்டும்தான்.