பாடை கட்டிய வைரக்கண்ணார்

நெடுங்கரை மாரியம்மன் கோயிலில் வைரக்கண்ணார் பாடை கட்டிவந்தார். கொடிய நோயிலிருந்து பிழைத்தவர்கள் பங்குனியில் பிணம்போல் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றிவருவது அவ்வூர் நேர்த்திக்கடன். குளிக்காமலும் அம்மன் பேரைச் சொல்லாமலும் அவர் மூங்கிலைத் தொடமாட்டார். கட்டி முடித்ததும் முதலில் தாமே படுத்துப் பார்ப்பார். "பயப்படாம படு தாயி. தூக்குறது நாங்க இல்ல, அவ" என்பார்.

அறுபது கடந்தபின் அவர் வயிற்றில் கட்டி வந்தது. அறுவை செய்யும் நிலை தாண்டிவிட்டது என்றார் மருத்துவர். அன்றிலிருந்து வைரக்கண்ணார் உறங்கவில்லை. மூடிய கண் திறக்காமல் போய்விடுமோ என்ற அச்சம். விடியும்வரை சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பாடை கட்டுவதை விடவில்லை. படுத்துப் பார்க்க மட்டும் வேறு ஆளைக் கூப்பிட்டார்.

மனைவி அமிர்தத்தின் தம்பி அஞ்சப்பன் சிரித்தார். "ஊரையே பாடையில ஏத்துன மச்சானுக்குப் பாயில படுக்க நடுக்கமாக்கும்."

"ஆமாடா, நடுக்கந்தான்" என்றார் வைரக்கண்ணார்.

அந்தப் பங்குனியில் தமக்கே ஒரு பாடை கட்டினார். ஊர் தடுத்தது. பிழைத்தவன் படுக்கும் பாடையில் சாகப்போகிறவன் படுப்பதா? வழியிலேயே உயிர் போனால் திருவிழா என்ன ஆவது?

"உசுரு கேட்டா படுக்கிறீங்க?" என்றார் அமிர்தம்.

"அத அவ பாத்துக்குவா. இந்தப் பயத்த அவ வாசல்ல எறக்கிட்டு வந்துர்றேன்."

பூசாரி சம்மதித்தார். அஞ்சப்பனே முன்கொம்பைத் தோளில் வாங்கினார். தீச்சட்டி முன்னே செல்ல, பறை முழங்க, பாடை மூன்று சுற்று வந்து சன்னதியில் இறங்கியது. பூசாரி தீர்த்தம் தெளித்து, "எந்திரிப்பா" என்றார். எழவில்லை. மறுபடி தெளித்தார். பறை நின்றது. அமிர்தம் கூட்டத்தை விலக்கி ஓடிவந்தார். அஞ்சப்பன் குனிந்து நெஞ்சில் காதை வைத்தார். நிமிர்ந்தபோது அழுதுகொண்டிருந்தார்.

"தூங்குறாருக்கா. கொறட்ட விடுறாரு."

பூசாரி அம்மன் கழுத்து மாலையை எடுத்துவந்து அவர் மார்பில் சாத்தினார். பின்னால் வந்த பாடைகள் ஓசையின்றி விலகிச் சென்றன.

உச்சிப்பூசை முடிந்ததும் நடை சாத்துவது அக்கோயில் வழக்கம். கதவில் கைவைத்த பூசாரி திரும்பிப் பார்த்தார். "புள்ள தூங்குறப்ப தாய் எப்படிக் கண்ணசருவா?" என்று கையை எடுத்துக்கொண்டார்.

மாலையில் வைரக்கண்ணார் விழித்தபோது எதிரே கருவறை திறந்திருந்தது. அம்மன் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆவணியில் அவர் காலமானார். அதுவரை ஓர் இரவும் அவர் விழித்துக் கிடக்கவில்லை. தாம் உறங்க அன்னையைக் காவலிருக்கச் செய்தவர் எங்கள் வைரக்கண்ணார். நெடுங்கரைக்கு அந்தப் பெருமை போதும்.