கடற்பஞ்சின் வாசல்

பானை தேய்க்கப் பிடுங்கி வந்த கடற்பஞ்சு நம்புவேலின் கையிலேயே சொடுக்கியது. திடுக்கிட்டுக் கீழே போட்டார். மணலில் கிடந்தும் அது விடவில்லை. யாரோ உள்ளே உட்கார்ந்து விரல் நெட்டி முறிப்பதுபோல் சத்தம்.

கிணற்றடியிலிருந்து மடத்து அம்மா வந்தார். நம்புவேலைவிடப் பத்து வயது இளையவர். மடம் கட்டுவதற்கு முன் கடலில் மூழ்கிப் பாசி எடுத்தவர்.

"எங்க பிடுங்குனீங்க?"

"பவளப்பாறைப் பார்ல. தண்ணி வத்திக் கிடந்துச்சு. கடைசிப் பானை, பளிச்சுனு இருக்கட்டுமேன்னு..."

"கடைசியா?"

நம்புவேல் தூணோரம் கிடந்த துணி மூட்டையைப் பார்த்தார்.

"சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்புறேம்மா. ஒம்பது வருஷமா வாசல்ல உக்காந்து ஆடு வெரட்டுறேன், குடிகாரனை வெரட்டுறேன். உள்ள நீங்க சொல்ற பாடம் ஒன்னுகூட முழுசாக் காதுல விழல. ஆடு வெரட்டவா வந்தேன்? ஆடு எங்க வீட்டுலயே இருந்துச்சு."

அம்மா சிரித்துவிட்டார். பஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உள்ள இருக்குறதோட உசுரு போறதுக்குள்ள வாங்க."

இருவரும் முழங்கால் தண்ணீரில் பாறை பார்த்துக் கால் வைத்து நடந்தார்கள். பவளப்பார் வந்ததும் அம்மா பஞ்சை நீருக்குள் பிடித்தார். அதன் துளையொன்றில் அரிசியளவு இறால். உடம்புக்குப் பொருந்தாத பெரிய கொடுக்கு ஒன்று அதற்கு.

நம்புவேல் விரலை நீட்டினார். இறால் அந்தக் கொடுக்கைச் சொடுக்கியது. கையை இழுத்துக்கொண்டார்.

"என்னையே வெரட்டுது."

"உள்ள தாய் இருக்கு, முட்டையோட. இது வாசல்ல நிக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"நின்னு இதுக்கு என்ன கெடைக்குது?"

"அதுகிட்டதான் கேக்கணும்."

நம்புவேல் குனிந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசல்ல ஒன்னு நிக்குதுன்னு அந்தத் தாய்க்காவது தெரியுமா?"

அம்மா பஞ்சை அவர் கையில் கொடுத்தார்.

"நான் பாடம் சொல்றப்போ எம் மொகத்தைப் பாத்திருக்கீங்களா?"

"எங்க பாக்குறது? எம் முதுகுதானே உங்க பக்கம் இருக்கும்."

"கண்ணை மூடிக்கிட்டுத்தான் சொல்வேன்."

"அப்படியா?"

"மொத வருஷம் அப்படியில்ல. தனிப் பொம்பளை நடத்துற மடம். எவன் உள்ள வருவானோன்னு வாசலைப் பாத்துக்கிட்டேதான் சொன்னேன். வாய் பாட்டுக்குப் பேசும், நெனப்பு வாசல்லயே நிக்கும். நீங்க வந்து அங்க உக்காந்த அன்னைக்குத்தான் கண்ணை மூடினேன். அன்னைலேருந்துதான் அது பாடம்."

நம்புவேல் பஞ்சைப் பிடுங்கிய இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். அதே பொந்தில் பொருத்தி, அலை கொண்டுபோகாமலிருக்க ஒரு கல்லை அணை கொடுத்தார்.

மடத்துப் பக்கம் ஆடு ஒன்று கத்தியது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தண்ணீர் தெறிக்க, அவர் மடத்து வாசலை நோக்கி வேகமாக நடந்தார்.